கிட்டியும் ‘ஒர்க்‌ஷாப்’பும்: கொள்ளேகால் மலைநாட்டில் இரு விசாரணைகள்

1855ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசிடம் அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை, ‘கிட்டி’, ‘அண்ணாந்தாள்’ என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களை ஆங்கில ஆட்சி ஆவணங்களுக்குள் நிலைபெறச் செய்தது. கிட்டி என்பது விரல்களை இடுக்கி நெரிக்கும் இரட்டைக் கோல். அண்ணாந்தாள் என்பது உடலை வளைத்துத் தலையையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. வரி பாக்கியைக் கறக்கவும் திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் இவ்விரண்டும் மாகாணம் முழுவதும் கையாளப்பட்டன என்று எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை விசாரணை ஆணையம் பதிவு செய்தது. ஆணையத்துக்கு வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 நேரில் வந்தோர் சொன்னவை. 1,440 எழுதி அனுப்பப்பட்டவை. சாலையும் இரயிலும் இல்லாத காலத்தில் குடியானவர்கள் சென்னைவரை வந்து முறையிட்டார்கள் என்பது அந்த எண்களுக்குள் அடங்கிக் கிடக்கும் செய்தி.

அன்றைய கொள்ளேகால், சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமான பகுதிகளுள் ஒன்றாக அது கோயம்புத்தூரோடு சேர்க்கப்பட்டது. மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1ஆம் நாள் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. பின்னர் மைசூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. ஆகவே 1855இன் ஆணையம் விசாரித்த நிலப்பரப்புக்குள் கொள்ளேகாலும் இருந்தது. அதே தாலுகாவின் மலையூர்களைக் குறித்து, ஒன்றரை நூற்றாண்டு கழித்து மற்றொரு குழு சாட்சியம் கேட்டு, 2003இல் அறிக்கை அளித்தது. இவ்விரு விசாரணைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் அரிது. முன்னது காலனிய வரலாற்றாய்வாளர்களின் பொருளாகவும் பின்னது மனித உரிமை வழக்கறிஞர்களின் பொருளாகவும் பிரிந்து கிடக்கின்றன.

1855இன் அறிக்கை ஒரு வினாவுக்குத் தெளிவாக விடை சொன்னது. மற்றொன்றைச் சாதுரியமாகக் கடந்து சென்றது. சித்திரவதை நடந்ததா என்பதற்கு ‘ஆம்’ என்றது. யார் பொறுப்பு என்பதற்கு, கீழ்நிலை இந்திய அலுவலர்கள் என்றது. ஐரோப்பிய அதிகாரிகள் அதற்கு உடன்பட்டதில்லை என்று அவர்களை விடுவித்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி தாசில்தாரிடமே வரிவசூலையும் காவலையும் ஒருசேர ஒப்படைத்திருந்தது. அடிப்பவரும் அவரே, அடிபட்டவன் முதலில் முறையிட வேண்டியவரும் அவரே. மேலிருந்து தொகை கேட்டவர் மாவட்ட ஆட்சியர். அத்தொகை எவ்வாறு வந்தது என்று அவர் கேட்காதிருந்ததை அறியாமை என்று கொள்வதா, உடன்பாடு என்று கொள்வதா என்னும் வாதம் அப்போதே எழுந்தது. நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் 1857 செப்டம்பரில் இவ்வறிக்கையைக் குறித்து எழுதிய காரல் மார்க்ஸ் தொட்டதும் இந்த முடிச்சைத்தான்.

எனினும் அறிக்கை வீண்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1859இன் சென்னைக் காவல் சட்டம் காவலை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. 1861இன் இந்தியக் காவல் சட்டத்துக்கு அது முன்மாதிரி. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 330, 331ஆம் பிரிவுகள் ஒப்புதல் வாக்குமூலம் பெறுவதற்காகக் காயம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கின. 330ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டே, ஒரு காவல் அலுவலர் ஒருவரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு சித்திரவதை செய்வதுதான். அடுத்தடுத்த எடுத்துக்காட்டுகளில் வரி பாக்கிக்காக வதைக்கும் வருவாய் அலுவலரும், குத்தகைக்காகக் குடியானவனை வதைக்கும் ஜமீன்தாரும் வருகிறார்கள். 1872இன் சாட்சியச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது: காவல் அலுவலரிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்றது அதன் 25ஆம் பிரிவு. தன் காவல்துறையைத் தானே நம்பாத அரசு என்று இதனைக் குறைகூறிய அதிகாரிகள் பலர். அந்த அவநம்பிக்கை சென்னை மாகாணத்துக் குடிகள் தம் உடம்பால் ஈட்டிக் கொடுத்தது.

கொள்ளேகாலின் மலைப்பகுதி, இரு மொழிகளும் இரு மாநிலங்களும் சந்திக்கும் இடம். கோபிநத்தம், மார்ட்டள்ளி, சந்தனபாளையம் முதலிய ஊர்களில் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். காட்டுக்குள் சோளகர் குடியிருப்புகள் உள்ளன. 1956வரை இவ்வூர்களுக்கு மாவட்டத் தலைநகர் கோயம்புத்தூர்; அதன்பின் மைசூர். உறவும் திருமணமும் பாலாற்றுக்கு அப்பால் கொளத்தூர், மேட்டூர் பக்கமே தொடர்ந்தன. நீதிமன்றம் ஒரு திசையிலும் சொந்தம் மறுதிசையிலுமாக வாழ்ந்த மக்கள் இவர்கள். காடோ இரு மாநிலங்களுக்கும் வருவாய் தந்த சந்தனக் காடு. சந்தனம் யார் நிலத்தில் முளைத்தாலும் அரசின் உடைமை என்பது மைசூர் நாட்டின் பழைய வழக்கம். குடியரசின் காட்டுச் சட்டங்களும் அதன் சாயலைப் பெருமளவு காத்தன. விலையுயர்ந்த மரம் கண்முன்னே நிற்க, அதைத் தொட்டவன் குற்றவாளி என்னும் நிலையில், கள்ளச்சந்தைக்கு மரம் வெட்டிச் சுமப்பது கூலி கிடைக்காத பருவங்களின் வேலையாயிற்று. அந்தச் சந்தையின் தரகனாகவும் பின்னர்த் தலைவனாகவும் எழுந்தவன் கோபிநத்தத்தில் பிறந்த கூசு முனிசாமி வீரப்பன்.

வீரப்பனைக் காட்டின் காவலனாகச் சித்திரிக்கும் போக்கு தமிழில் உண்டு. வரலாற்றாய்வு அதற்கு இடங்கொடுக்க முடியாது. யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்றதும், காட்டிக்கொடுத்தவர் என்னும் ஐயத்தின் பேரில் மலைமக்களையே கொன்றதும் அவன் கணக்கில் உள்ளன. 1991 நவம்பரில் வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் கொல்லப்பட்டார். கோபிநத்தம் மக்களுக்கு அவர் செய்த நற்பணிகளை அவ்வூர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 1992 மே மாதம் இராமாபுரம் காவல் நிலையம் இரவில் தாக்கப்பட்டுக் காவலர் ஐவர் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு 14 அன்று மின்னியம் அருகே கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணா, துணை ஆய்வாளர் ஷகீல் அகமது ஆகியோரும் உடன்சென்ற காவலர்களும் பதுங்கித் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். 1993 ஏப்ரல் 9, புனித வெள்ளியன்று பாலாற்றருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். இறந்தவர்களுள் காவலரும் வனத்துறையினரும் மட்டுமின்றித் தகவல் தருவோராக அழைத்துச் செல்லப்பட்ட ஊர்க்காரர்களும் இருந்தனர். காவல்துறையின் வன்முறையைப் பற்றிப் பேசும்போது இச்சாவுகளை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடும் எழுத்து நேர்மையானதன்று. பின்னால் வரும் வழக்கு வரலாறும் இவற்றை விட்டால் விளங்காது.

பாலாற்று வெடிக்குப் பின் இரு மாநில அதிரடிப்படைகளும் மலையில் முழுவீச்சில் இறங்கின. தமிழகப் படைக்கு வால்டர் தேவாரமும் கர்நாடகப் படைக்குச் சங்கர் பிதரியும் தலைமை ஏற்றனர். மாதேஸ்வரன் மலையில் படையின் முகாம் அமைந்தது. அங்கே விசாரணைக்கென ஒதுக்கப்பட்ட இடத்தை மலைமக்கள் ‘ஒர்க்‌ஷாப்’ என்றார்கள். தமிழிலும் கன்னடத்திலும் இச்சொல் ஒன்றேதான். மொழிபெயர்ப்புக்கு அவசியமே எழவில்லை. கைகளைப் பின்னே கட்டித் தொங்கவிட்டதும், சிறு மின்னாக்கக் கருவியின் கம்பிகளை உடலின் மென்மையான உறுப்புகளில் பொருத்தி அதிர்ச்சி தந்ததும், பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதும் பிற்காலச் சாட்சியங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. கணவனைத் தேடி வந்த மனைவியும் மகனைத் தேடி வந்த தாயும் அடைத்து வைக்கப்பட்டதாகச் சொன்னார்கள். எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாமல், எந்த நடுவர்முன்பும் நிறுத்தப்படாமல் நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மக்கள் வைக்கப்பட்டனர் என்பது அச்சாட்சியங்களின் பொதுச் செய்தி.

இவ்விடத்தில் சட்ட வரலாறு ஒரு வட்டம் சுற்றித் திரும்புகிறது. 1987இன் தடாச் சட்டம், தன் 15ஆம் பிரிவில், கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும் என்றது. 1855இன் முறையீட்டாளர்களின் அனுபவத்திலிருந்து 1872இல் எழுந்த தடுப்புச்சுவரில் 1987இல் ஒரு வாசல் திறக்கப்பட்டது. அந்த வாசலில் காவல் நிற்பவர் உயர் அதிகாரி என்பதே அளிக்கப்பட்ட உறுதிமொழி. கீழ்நிலையினரே கொடியவர், மேல்நிலையினர் நம்பத்தக்கவர் என்று 1855இல் செய்யப்பட்ட பாகுபாடு, நிறத்தை விட்டுவிட்டுப் பதவியைப் பற்றிக்கொண்டு மீண்டும் வந்தது எனலாம். கொள்ளேகால் மலையூர்களைச் சேர்ந்தவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இச்சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1995 மே மாதத்தோடு தடா காலாவதியாயிற்று. ஆனால் அதன்கீழ் ஏற்கெனவே தொடங்கிய வழக்குகள் காலாவதியாகவில்லை.

தேசிய மனித உரிமை ஆணையம் 1993 அக்டோபரில், அதாவது மலையில் தேடுதல் உச்சத்திலிருந்த அதே ஆண்டில், நிறுவப்பட்டது. மதுரையின் சோகோ அறக்கட்டளை, மக்கள் சிவில் உரிமைக் கழகம் முதலிய அமைப்புகள் முறையீடுகளைத் திரட்டின. 1999இல் ஆணையம், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஜே. சதாசிவா, மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மன் ஆகிய இருவர் குழுவை அமைத்தது. இரு மாநிலங்களையும் ஒரே குழு விசாரித்தது சரியான முடிவு. ஒரு மாநிலத்துக் காவலர் பிடித்து மறு மாநிலத்து முகாமில் வைத்திருந்தால் எந்த மாநிலத்தில் முறையிடுவது என்னும் சிக்கலுக்கு மாநில அளவில் விடையில்லை. குழு கோபிச்செட்டிப்பாளையம், கொளத்தூர், மாதேஸ்வரன் மலை என மலையைச் சுற்றிய ஊர்களுக்கே சென்று அமர்ந்தது. 1855இல் குடிகள் சென்னைக்குப் போனார்கள்; இம்முறை விசாரணை குடிகளிடம் வந்தது. இடையில் அதிரடிப்படையினர் நீதிமன்றத்தை நாடியதால் விசாரணை நெடுநாள் தடைபட்டும் கிடந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்துச் சொல்லப்படும் வதையை எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? கைதுக் குறிப்பு இல்லை, காயச் சான்று இல்லை, நாட்குறிப்பில் பெயர் இல்லை. ஆவணம் இல்லாமை அரசுத் தரப்புக்கு வாதமாயிற்று: பதிவில்லை, ஆகவே நடக்கவில்லை. வரலாற்று மாணவர்களுக்கு இது பழகிய இடம். பதிவேட்டை எழுதும் உரிமை எவரிடம் இருந்ததோ அவரைக் குறித்தே குற்றச்சாட்டு எழும்போது, பதிவின் வெறுமையே ஒரு தடயமாகிறது. ஒருவரையொருவர் அறியாத ஊர்க்காரர்கள் ஒரே அறையை, ஒரே கருவியை, ஒரே கட்டுமுறையைச் சொல்வது அதற்கு இணையான மற்றொரு தடயம். சட்டம் வாய்மொழிக்கு அஞ்சுவது நியாயமே. ஆனால் இங்கே வாய்மொழி மட்டுமே எஞ்சும்படி செய்தவர்கள் சாட்சிகள் அல்லர்.

விசாரணை முடங்கிக் கிடந்த வேளையில், 2000 ஜூலை 30 அன்று தாளவாடி அருகே கஜனூரில் கன்னட நடிகர் இராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். 108 நாட்கள் அவர் காட்டில் இருந்தார். விடுதலைக்காக வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் காவிரி, தமிழுக்கான இடம் ஆகியவற்றோடு, மைசூர்ச் சிறையிலிருந்த தடாக் கைதிகளின் விடுதலையும் அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் இருந்தன. மலைமக்கள் ஏழாண்டுகளாகக் கேட்டும் அமைச்சரவையின் மேசைக்கு வராத ஒன்று, ஒரு கொலைகாரனின் ஒலிநாடாவில் ஏறி வந்தது. அது அம்மக்களின் கோரிக்கைக்கு நேர்ந்த பெரிய கேடு என்றே கொள்ள வேண்டும். அன்றுமுதல் அவர்கள் நியாயம் கேட்பதே வீரப்பனின் குரலாகக் கேட்கப்பட்டது.

கர்நாடக அரசு தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற விண்ணப்பித்தது. மைசூர்த் தடா நீதிமன்றம் இசைந்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் அப்துல் கரீம், மின்னியத்தில் இறந்த துணை ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை. 2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கைத் திரும்பப் பெறுவது அரசு வழக்கறிஞர் தம் சிந்தையைச் செலுத்தி, பொதுநலன் கருதிச் செய்ய வேண்டிய முடிவு. அரசு சொல்லிவிட்டது என்பதற்காகச் செய்வதன்று என்பது தீர்ப்பின் சாரம்.

அப்துல் கரீமின் வழக்கை மனித உரிமைக்கு எதிரானதாகப் படிப்பது தவறு. மகனை இழந்தவர் கேட்டது, கொலை வழக்கு ஒரு பேரப்பொருளாகக் கூடாது என்பதே. சிறையில் இருந்தோரின் தாய்மார்களும் அதையே வேறு முனையிலிருந்து கேட்டிருக்க முடியும். குற்றமற்றவர் என்றால் நடிகர் கடத்தப்படும்வரை அவர்கள் ஏன் உள்ளே இருந்தார்கள்? குற்றவாளி என்றால் நடிகருக்காக ஏன் வெளியே விட வேண்டும்? இரண்டு கேள்விகளுக்கும் அரசிடம் பதில் இல்லை. தனித்தனிக் கைதியின்மீது என்ன சான்று உள்ளது என்று ஏழாண்டுகளில் ஒருமுறையேனும் ஆராய்ந்திருந்தால் அந்தப் பதில் கிடைத்திருக்கும். 2001இல் தடா நீதிமன்றம் வழக்கை முடித்தபோது கைதிகளுள் மிகப் பெரும்பான்மையோர் விடுவிக்கப்பட்டனர். தண்டிக்கப்பட்டோர் சிலரே. விடுவிக்கப்பட்டவர்கள் சிறையில் கழித்த எட்டாண்டு எவர் கணக்கிலும் சேரவில்லை.

தண்டிக்கப்பட்டவர்களின் கதை வேறு வழியில் நீண்டது. ஆயுள் தண்டனையை எதிர்த்து அவர்கள் மேல்முறையீடு செய்தபோது, உச்ச நீதிமன்றம் தானாகவே அறிவிக்கை அனுப்பி, 2004 ஜனவரி 29 அன்று பாலாற்று வழக்கில் நால்வருக்குத் தண்டனையை மரணமாக உயர்த்தியது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டியில் வீரப்பன் கொல்லப்பட்டான். நால்வரின் கருணை மனுக்கள் 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டன. சத்ருகன் சௌகான் வழக்கில் 2014 ஜனவரி 21 அன்று வழங்கிய தீர்ப்பில், கருணை மனுவைக் காலவரையின்றி நிலுவையில் வைப்பது ஒருவகை வதை என்று கருதிய உச்ச நீதிமன்றம், இந்நால்வர் உட்பட 15 பேரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கொள்ளேகால் வழக்கு இந்தியாவின் மரண தண்டனைச் சட்டத்தில் நிலையான இடம் பெற்றது இவ்வாறு. அவ்வழக்கின் மறுபாதியான முகாம்களுக்கு அத்தகைய இடம் எதுவும் வாய்க்கவில்லை.

சதாசிவா குழு 2003 டிசம்பரில் அறிக்கை தந்தது. சட்டத்துக்குப் புறம்பான காவலும் வதையும் நடந்தன என்பதை அது ஏற்றது; மோதல் எனப் பதிவான சாவுகள் சிலவற்றை ஐயத்துக்குரியனவாகக் கருதியது. மூன்றாண்டுகள் கழித்து, 2007 ஜனவரியில், ஆணையம் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது. மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆணையம் செய்யக்கூடியது பரிந்துரை. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பணம் இரு அரசுகளின் கருவூலத்திலிருந்து வந்தது. கையில் கம்பியைப் பிடித்திருந்தவர் எவர், கதவைப் பூட்டியவர் எவர் என்னும் வினாக்களுக்கு அந்தத் தொகை விடையாகவில்லை. 1855இல் முறையிட்டவர்களின் பெயர்கள் அறிக்கையில் ஏறின; கட்டளையிட்ட ஆட்சியர்களின் பெயர்கள் ஏறவில்லை. 2007இலும் பாதிக்கப்பட்டோருக்குத்தான் பட்டியல் இருந்தது.

இது தவிர்க்க முடியாத முடிவா என்று கேட்டால், அதே மலைத்தொடரின் மறுபுறத்தில், அதே சந்தனத்தின் பெயரால் நடந்த வாச்சாத்தி நிகழ்வு இல்லையென்கிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து நடத்திய வன்கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாயினர். சென்னை உயர் நீதிமன்றம் 1995இல் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் அப்போது உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. 1855 தயங்கிய படியை அத்தீர்ப்பு ஏறியது.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மக்களின் துணிவிலோ இயக்கங்களின் வலிமையிலோ மட்டும் தேடுவது போதாது. வாச்சாத்திக்குப் பின்னே மார்க்சிஸ்ட் கட்சியும் பழங்குடியினர் சங்கமும் இருபதாண்டு நின்றன என்பது உண்மைதான் என்றாலும். வாச்சாத்தி ஓர் ஊர், ஒரு தேதி, அன்று அனுப்பப்பட்ட குழுவின் ஆட்கள் இன்னார் என்று துறைகளால் சொல்ல முடிந்த ஒரு தேடுதல். வந்தவர் யார் என்பதைக் கண்டடைய வழி இருந்தது. கொள்ளேகால் மலையில் நடந்தது மூன்றாண்டு நீண்ட செயல்பாடு. பல ஊர்களிலிருந்து வந்து மாறிக்கொண்டிருந்த படைப்பிரிவுகள், பெயரட்டை அணியாத சீருடைகள், இரு மாநில எல்லை. கண்கட்டப்பட்டவர் எவரை அடையாளம் காட்டுவார்? இன்னொன்று, முதலில் வந்து நின்ற அமைப்பு எது என்பது. வாச்சாத்தியில் குற்றப் புலனாய்வு நடந்தது. கொள்ளேகாலில் உண்மையறியும் குழு அமைந்தது. குழு அறிந்த உண்மை குற்ற வழக்கில் சான்றாவதில்லை. அதற்கு மீண்டும் முதல் தகவல் அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கியிருந்தாலும், 2024வரை நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவும் கர்நாடகக் காவல் சட்டத்தின் 170ஆம் பிரிவும் அரசின் முன்னனுமதியைக் கேட்டிருக்கும். படையை அனுப்பிய அரசே படைமீது வழக்கு நடத்த இசைய வேண்டும் என்னும் ஏற்பாடு, 1816இன் தாசில்தாரை நினைவூட்டாமல் இராது.

அதிரடிப்படையின் தரப்பில் சொல்லப்படும் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கடுமை இல்லாதிருந்தால் பெருங்கூட்டமாக இருந்த வீரப்பன் குழு சிலராகச் சுருங்கியிராது. காட்டிக்கொடுத்தவரை அவன் கொன்றுகொண்டிருந்த ஊர்களில் தகவல் தானாக வராது. உடன்பணியாற்றியவரின் சிதறிய உடலைப் பொறுக்கியவர்களிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எளிதன்று என்பவை அவ்வாதத்தின் கூறுகள். முதற்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முகாம்களின் காலத்துக்குப் பின்னும் வீரப்பன் ஏறக்குறைய எட்டாண்டு உலவினான். இராஜ்குமாரைக் கடத்தியது அந்த இடைவெளியில்தான். 2004இல் அவனை முடித்தது, விஜயகுமார் தலைமையில் மெல்லப் பின்னப்பட்ட ஊடுருவல். ஆட்களை உள்ளே அனுப்பி, நம்பிக்கை பெற்று, ஆம்புலன்ஸ் வண்டியொன்றில் அவனை ஏறச் செய்தார்கள். மலையூர்க்காரர் எவரையும் தலைகீழாகத் தொங்கவிட்டதால் கிடைத்த வெற்றி அதுவன்று.

மலையின் தமிழகப் பக்கத்தில் இந்த அனுபவம் வேறொரு வடிவிலும் பதிவாயிற்று. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் 2004இல் வெளிவந்தது; ஆசிரியர் மனித உரிமை வழக்கறிஞர். விசாரணை அறிக்கையைப் படிக்காத பல்லாயிரம் வாசகர்களிடம் முகாம்கள் பற்றிய அறிவு அந்நூல் வழியே சென்றது. கல்விப்புலத்தில் அது பழங்குடி இலக்கியமாகவே பெரிதும் கற்பிக்கப்படுகிறது. காவல் வரலாற்றின் மூலச்சான்றுகளுள் ஒன்றாகவும் அதனைச் சதாசிவா குழுவின் அறிக்கையோடு சேர்த்துப் படிக்கும் பாடத்திட்டம் எங்கேனும் வருமாயின் நன்று.

அறிக்கை முற்றிலும் உறங்கிவிடவில்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. கர்நாடக அதிரடிப்படைக்குத் தலைமை தாங்கிய சங்கர் பிதரியை 2011 இறுதியில் மாநில அரசு காவல்துறைத் தலைவராக நியமித்தது. மற்றொரு மூத்த அதிகாரியின் வழக்கில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் 2012 மார்ச்சில் அந்நியமனத்தை நீக்கியது. அதே மாத இறுதியில் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. தேர்வின்போது மனித உரிமை ஆணையத்தின் ஆவணங்கள் உரியவாறு கருதப்படவில்லை என்பது வழக்கின் மையமாக இருந்தது. பிதரி குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தார்; எந்தக் குற்ற நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. தீர்ப்பு வந்த நாளில் மாதேஸ்வரன் மலையின் சாட்சியங்களுக்கு வயது ஏறத்தாழ இருபது. அவை முதன்முதலாக ஒரு நீதிமன்றத்தில் எடைபோடப்பட்டது, இரண்டு உயர் அதிகாரிகளுக்கிடையே பதவி யாருக்கு என்னும் பணி வழக்கில்.